பாத்ரூமுக்கு மூணடி நிலை

பாத்ரூமுக்கு மூணடி நிலை வைங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. கொத்தனார் சாப்பிட்டுட்டு வந்ததும், கீழ் ரூம் பாத்ரூம் வாசலை மூணடியா எடுத்திருங்கண்ணேன்னு ஒரே ஒரு பேச்சு. சொன்னா வாய் என்ன தேய்ஞ்சா போயிரும். மீன் கடையில எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்துச் சண்டை போடற வாய், சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தி பரிமாறுறவனை அதட்டுற வாய், இன்னைக்குப் பார்த்து ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. ரெண்டரை அடி இடம் விட்டு ரெண்டு பக்கமும் சுவர் எழும்பி நிக்குது. வாசலுக்கு மேல சுவரைத் தாங்கற லிண்டிலுக்குப் பலகை அடிச்சுக் கம்பியும் கட்டியாச்சு. இவங்க சாப்பிட்டு எந்திரிச்சு கலவை மிஷினைச் சுத்த விட்டாங்கன்னா கான்கிரீட்டைக் கொட்டிருவாங்க, கொட்டினா முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அகலப்படுத்தணும்னா உடைக்கணும், குடி போகாத வீட்டை உடைக்கறதான்னு ஊரே வந்து நிக்கும். அதனால இப்பத்தான், இந்தச் சாப்பாட்டு நேரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடி விழற சத்தம் கேக்குது, யாரோ ஊறுகாய் கேக்கறாங்க. நான் கவுத்துப் போட்ட சாந்துச் சட்டி மேல, நாளைக்கு எங்க பெட்ரூமா இருக்கணும்னு நான் ஆசைப்படற கீழ் ரூம்ல, தலைக்கு மேல வானத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வெயில் மண்டையைப் பிளக்குது.

இவர் டைல்ஸ் கடைக்குப் போயிருக்கார், எஞ்சினியர் தீபனோட. கான்கிரீட் போடறதுக்குள்ள வந்திருவேன்னு சொல்லிட்டுத்தான் போனார். அவர் வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிரணும், ஏன்னா அவர் முன்னால சொல்ல முடியாது, எதுக்கு மூணடின்னு கேப்பார், கேட்டா நான் அவர் கையைப் பார்ப்பேன், நான் பார்க்கறதை அவர் பார்ப்பார். வேண்டாம் சாமி. வீடு ஆரம்பிக்கும்போதே தீபன் தெளிவாச் சொல்லிட்டான், அடிப்படை வேலை எல்லாம் நான் பார்த்துக்கறேன் மேடம், அதுக்கு மேல கூடுதலா என்ன வேணுமோ நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, எல்லாத்தையும் பண்ண முடியாது, எது முக்கியமோ அதை எடுத்துக்கோங்கன்னு. அன்னையிலருந்து பிடிச்சுது சனியன். இவருக்கு எல்லாம் மாடியில வேணும். படுக்கற ரூம் மாடியில. ரூமை ஒட்டி மேற்கே பார்த்து ஒரு பால்கனி, காலையில எந்திரிச்சா மலை தெரியணுமாம், ராஜபாளையத்துல பொறந்து வளர்ந்த மனுஷனுக்கு மலையை இதுக்கு முன்னால யாரும் காட்டலையாக்கும். படிக்குக் கண்ணாடியில கைப்பிடிச் சுவர். தரைக்கு மூஞ்சி தெரியற மாதிரிப் பளபளன்னு பெரிய டைல்ஸ். அவர் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல நான் வேற படம் பார்த்துக்கிட்டு இருக்கேன். படின்னா அதுல விழறார். பளபள தரைன்னா அதுல விழறார். கண்ணாடின்னா, ஐயோ, அதை நான் முழுசா நினைக்கறதே இல்ல. போன வாரம் கடையில அந்தப் பொண்ணு டைல்ஸை வரிசையா நிறுத்தி வச்சு மேடம் இதுதான் இப்ப எல்லாரும் போடறாங்கன்னு காட்டிக்கிட்டு இருந்தப்போ, நான் பாட்டில் தண்ணியைக் கொஞ்சம் கீழ கிடந்த டைல்ஸ்ல ஊத்திச் செருப்பை வச்சு வழுக்கிப் பார்த்தேன். வழுக்கிருச்சு. இவர் அதைப் பார்த்துட்டு, கடைக்கு வந்த இடத்துல என்ன சின்னப்பிள்ளை வேலைன்னு சிரிச்சார். சொரசொரப்பா ஒண்ணு இருந்துச்சு, சாம்பல் கலர்ல, அதைக் காட்டினேன். அது பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல போடறதுன்னார். வீட்டுக்கு வந்து அதுக்கு ஒரு சண்டை. நல்லாச் சத்தமாத்தான் போட்டோம். சண்டை போட்டா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு, சண்டை போடற மனுஷனுக்கு என்ன வந்திரும்னு.

கையைப் பத்தி நினைக்க மாட்டேன்னு தினமும்தான் காலையில நினைச்சுக்கறேன். பல் விளக்கறதுக்குள்ள நினைச்சிருவேன். சுதந்திர தினத்துக்கு நானும் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன், பி.டி. சாரோட சம்சாரம்னு முன் வரிசையில நாற்காலி. பிள்ளைங்க அணிவகுத்து வருது, இவர் முன்னால வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூ, விசில். குணசீலன் சார் நடந்தா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்னு பேரு. எத்தனை பிள்ளைகளுக்குக் கையை வீசு, தோள்பட்டையிலருந்து வீசுன்னு தொண்டை வறளக் கத்தின மனுஷன். வலது கை போகுது, வருது. இடது கை சும்மா தொங்குது. ஏதோ சாவியைக் கையில வச்சிருக்கார் போலன்னு முதல்ல நினைச்சேன். திரும்பி வரும்போது பார்த்தேன், கையில ஒண்ணும் இல்ல. விரல் லேசா மடங்கி இடுப்போட ஒட்டிக்கிட்டு இருக்கு, அது அவரோட கை இல்லைங்கற மாதிரி. பக்கத்துல ஹெட்மாஸ்டர் அம்மா ஏதோ கேட்டாங்க, நான் ஆமான்னு சொன்னேன், என்ன கேட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் தெருவுல நடந்தா நான் வேணும்னே பின்தங்கிருவேன், செருப்பு வார் கழண்டுருச்சு, சேலை தடுக்குதுன்னு. பின்னாலருந்து பார்த்துக்கிட்டே வருவேன். சில நாள் வீசற மாதிரி இருக்கும், அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும். சட்டைப் பொத்தான் போட நேரமாகுது, கேட்டா காஜா சின்னதாப் போட்டுட்டான் டெய்லர்ங்கறார். அந்த டெய்லர் பாவம், அதே காஜாவைத்தான் பல வருஷமாப் போட்டுக்கிட்டு இருக்கார். ஒரு நாள் பால் அடுப்புல பொங்கித் தீய்ஞ்சு வீடே நாறுது, நான் குளிச்சுக்கிட்டு இருந்தவ ஓடி வாரேன், இவர் அடுப்படிக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார். வாசனை தெரியலையாம். ஜலதோஷமான்னு கேட்டேன். ஆமா ஆமான்னார், ரொம்ப வேகமா. பைக்கை வித்துட்டு கியர் இல்லாத ஸ்கூட்டி வாங்கினதும் அந்த மாசம்தான், நீயும் ஓட்டிப் பழகலாம்லன்னு எனக்காக வாங்கின மாதிரிச் சொன்னார். எனக்கு வண்டின்னாலே பயம்னு அவருக்குத் தெரியும். கிளட்ச் பிடிக்கறது இடது கை. இதை நான் அன்னைக்கே யோசிச்சேன், யோசிச்சதை அப்படியே மூடி வச்சுட்டேன்.

ஏன்னா இது எனக்குப் புதுசு இல்லையே. இவரோட அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. பெரியத்தான்னு கூப்பிடுவேன், சத்தமாப் பேசற ஆளு, அவர் சட்டையில ஒரு மடிப்புப் பார்க்க முடியாது. முதல்ல வாசனை தெரியாமப் போச்சு, பிறகு ஒரு கை, பிறகு நடை, பிறகு பேச்சு உள்ள போயிருச்சு. நடுக்குவாதம்னு மதுரையில சொன்னாங்க, மருந்து இருக்கு, தள்ளிப் போடலாம், முழுசா மாத்த முடியாதுன்னு. தள்ளிப் போட்டுத்தான் பார்த்தாங்க. கடைசியில சக்கர நாற்காலி. அவ்வளவு பெரிய வீடு, கிரானைட் என்ன, தேக்குக் கதவு என்ன, பாத்ரூம் வாசல் மட்டும் ரெண்டு அடிக்குக் கொஞ்சம் மேல. நாற்காலி உள்ள போகல. சாய்ச்சுப் பார்த்தாங்க, மடக்கிப் பார்த்தாங்க, போகவே இல்ல. தூக்கிக்கிட்டுப் போகலாம்னா பெரியத்தான் கனத்த உடம்பு, அவர் சம்சாரம் மரகதம் அக்கா ஒத்தை ஆளு. அதனால ஹால்ல, டிவிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவுல, பெட்ஷீட்டைத் திரை மாதிரிப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உக்கார வச்சுக் குளிப்பாட்டினாங்க. நாங்க போயிருந்த அன்னைக்குத் திரையோட ஒரு முனையை இவர் பிடிச்சுக்கிட்டு நின்னார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டார். நான் சமையல்கட்டுக்குள்ள போயிட்டேன், ஆனா சத்தம் கேட்டுச்சு, தண்ணிச் சத்தம், அக்கா கையைத் தூக்குங்க கையைத் தூக்குங்கன்னு சொல்ற சத்தம், அதுக்கு நடுவுல பெரியத்தான் அழுதது. பஸ்ல வரும்போது இவர் ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. எங்க கல்யாண வாழ்க்கையில நாங்க பேசாம விட்டது அது ஒண்ணுதான்னு நினைக்கறேன், மத்த எல்லாத்துக்கும் வாய் கிழியப் பேசியிருக்கோம்.

அப்ப மூணடி கேளேன், ஏன் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க, அதான் தெரியுதுல. தெரியுது. ஆனா தலைவாசல் நிலை வச்ச அன்னைக்கு மரகதம் அக்கா வந்திருந்தாங்க. நிலைக்கு மஞ்சள் தடவி, நவதானியம் முடிஞ்சு கட்டி, எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். நான் மெதுவா அக்காவைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, கீழ ஒரு ரூம் போட்டு பாத்ரூம் வாசலைக் கொஞ்சம் அகலமா வைக்கலாமான்னு இருக்கேன்க்கா, வயசான காலத்துக்கு ஆகும்லன்னு சொன்னேன். அவ்வளவு பட்டவங்க, ஆமா தாயி வையின்னு சொல்லுவாங்கன்னுதான் நினைச்சேன். அக்கா மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. என் கையைப் பிடிச்சு, "கட்டற வீட்ல நோவுக்கு இடம் ஒதுக்காத இந்திரா. இடம் இருந்தா வந்து உக்காந்துக்கும்"னாங்க. அதுதான் என்னைக் கேக்க விடல. படிச்சவதானே நீ, இதையெல்லாம் நம்புறியான்னு கேட்டா, நம்பல. நம்பாமலேயே பயமா இருக்கு. வாசல்ல திருஷ்டிப் பொம்மை தொங்குது, அதையும்தான் நான் நம்பல, அது காத்துல கயிறு அறுந்து விழுந்தப்போ ஓடிப் போயி முதல்ல கட்டினது யாராம். மூணடி வச்சு, நாளைக்கு அவர் விழுந்தார்னா, நீதானடி வாசலைத் திறந்து வச்சு வான்னு கூப்பிட்டன்னு எனக்கே தோணும், ராத்திரி பகல் தோணும். வைக்காம விட்டு, நாளைக்கு விழுந்தார்னா, ஹால்ல பெட்ஷீட். யார் பிடிப்பா பெட்ஷீட்டை. எங்க தாரணி பிடிப்பாளா, அப்பாவுக்கு, பெத்த மகள். ஐயோ வேண்டாம், அதை நினைக்காத. ஒருவேளை ஒண்ணுமே இல்லாம இருக்கலாம்ல. நரம்பு பிடிச்சிருக்கும், விசிலை ஊதி ஊதித் தோள்பட்டை இறுகியிருக்கும், வயசாகுதுல்ல. லூசு, நீயாக் கற்பனை பண்ணிக்கறன்னு ஒரு குரல் எனக்குள்ள அப்பப்ப கேக்கும், அந்தக் குரலைத்தான் இத்தனை மாசமாப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். அதனாலதான் டாக்டர்ட்ட போலாமாங்கன்னு கேக்கல. கேட்டா அந்தக் குரல் போயிரும். சுவர் ஓரத்துல சிமெண்ட் இறுகறதுக்காக க்யூரிங்குன்னு ஊத்தின தண்ணி காய்ஞ்சு ஒரு ஈர சிமெண்ட் வாசனை வருது. இந்த வாசனை அவருக்குத் தெரியுமா.

டிபன் பாக்ஸ் சத்தம் நின்னுருச்சு. கை கழுவறாங்க. பீடி வாசம் வருது, அது முடிஞ்சா மிஷின்தான். எந்திரி இந்திராணி, எந்திரி. கால் மரத்துப் போச்சு, முட்டியில சுரீர்னு ஒரு வலி, நமக்கும்தான் வயசாகுது. அந்த வலியில நின்னப்பதான் தோணுச்சு. எனக்குன்னு சொன்னா என்ன. முட்டி வலி எனக்குத்தான இருக்கு, பொய் இல்லையே. நான் நடக்க முடியாமப் போயிட்டா வேணும், எனக்கு நாற்காலி வந்தா வேணும், எனக்குத்தான் மூணடி. இடம் இருந்தா வந்து உக்காரும்னா வரட்டும், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா என்கிட்டத்தானே வரணும். சாமி எதுவா இருந்தாலும் பேரைக் கேட்டுத்தானே அனுப்பும். இப்படி ஒரு பைத்தியக்கார யோசனை வந்ததும் நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரியும் இருந்துச்சு, இறக்கின மாதிரியும் இருந்துச்சு. சோலையப்பன் கொத்தனார் வாயைத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்தார், நான் நிறுத்தாம ஒரே மூச்சுல சொல்லிட்டேன், எனக்கு முட்டி சரியில்லண்ணே, பின்னால நடக்க முடியாமப் போச்சுன்னா நாற்காலி உள்ள போகணும், மூணடி வேணும், கக்கூஸ் பக்கத்துல பிடிச்சு எந்திரிக்கக் கம்பி வேணும்னு. அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். பாத்ரூமுக்கு மூணடியா, உள்ள மாடு கட்டப் போறீங்களாம்மான்னு கிண்டல் பண்ணினார், தலைவாசலே மூணரைதான், அதுக்குப் போட்டியா ஒண்ணு வைக்கறதா, சாருக்குத் தெரியுமான்னு இழுத்தார். சாருக்கு நான் சொல்லிக்கறேன், நீங்க எடுங்கன்னேன். சரி, இப்பவே பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் தட்டி எடுத்து, மேல பலகையையும் கம்பியையும் நீட்டிரலாம், கான்கிரீட் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்னார். அப்பத்தான் அவர் கேட்டார், ஹாலோ பிளாக் கல்லு உள்ள ஓட்டையா இருக்கும், கம்பி நிக்காதும்மா, கம்பி வர்ற இடத்துல கெட்டியா கான்கிரீட் கட்டை வச்சுக் கட்டணும், எந்தப் பக்கம் வைக்க, உங்களுக்கு எந்தக் கை பலமா ஊணுவீங்கன்னு.

எனக்கு ரெண்டு கையும் பலம்தான். இதை நான் யோசிக்கவே இல்லையே. வலதுன்னு சொல்லணும், வலதுதான் அவருக்கு வேணும், ஆனா வாய் திறக்க மாட்டேங்குது, வலதுன்னு சொன்னா ஏன் வலதுன்னு கேட்டிருவாரோன்னு கிறுக்குத்தனமா ஒரு பயம், கொத்தனார் எதுக்குக் கேக்கப் போறார், கேக்க மாட்டார், சொல்லுடி. கொத்தனார் என் தலைக்குப் பின்னால யாரையோ பார்த்தார். நான் திரும்பறதுக்குள்ள சத்தம் வந்துருச்சு.

"வலது பக்கம் வைங்க. அவளுக்கு இல்ல, எனக்கு. இடது கை பிடிமானம் இல்லாமப் போயிக்கிட்டு இருக்கு."

டைல்ஸ் துண்டு ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு, வாசல் ஆகப் போற அந்த இடைவெளியில நிக்கறார். எப்ப வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியல. கொத்தனார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெளிய போயி மிஷினை இப்பப் போடாதீங்கடான்னு சொன்னார். எனக்குள்ள அந்தக் குரல் இருந்துச்சே, லூசு நீயாக் கற்பனை பண்ணிக்கறன்னு சொல்லிக்கிட்டு, அதைத் தேடிப் பார்க்கறேன். காணோம். இவர் கிட்ட வந்து அந்த டைல்ஸை என் கையில குடுத்தார். சாம்பல் கலர், சொரசொரன்னு இருக்கு. வீடு பூரா இதையே போட்டிரலாம்னு சொல்லிட்டேன்னார். பிறகு, "மாடி ரூம் வேண்டாம் இந்திரா. பால்கனி, கண்ணாடி எல்லாம் வேண்டாம்னு தீபன்ட்ட சொல்லிட்டேன். நாம கீழயே படுத்துக்குவோம்"னார்.

எத்தனை மாசமா இதுக்குத்தான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேன். இந்த வார்த்தையை இந்த மனுஷன் வாயிலருந்து வாங்கிரணும்னு எத்தனை நாள் சாப்பிடாமப் படுத்திருக்கேன். ஜெயிச்சாச்சு. அந்தப் பால்கனி வேணும் வேணும்னு கத்தினப்போ எல்லாம் இவருக்கும் இது தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் கத்தியிருக்கார், படி ஏறுவேன் ஏறுவேன்னு என்கிட்ட இல்ல, தன்கிட்டயே சொல்லியிருக்கார், நான் என்னடான்னா ஒவ்வொரு படியாப் பிடுங்கிக்கிட்டு இருந்திருக்கேன். "வேணும்னு சொல்லுங்க"ன்னேன். "எனக்கு மலை தெரியணும்னு சொல்லுங்க. எப்பவும் போல சண்டை போடுங்க"ன்னேன். அவர் வேண்டாம்னு தலையாட்டினார். கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு குழம்புக்கு உப்பு விஷயத்துல கூட எனக்கு இவ்வளவு லேசா விட்டுக் குடுத்த ஆள் இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் கொத்தனார் சுத்தியலால தட்ட ஆரம்பிச்சார், தட்டத் தட்டப் பொடி எங்க ரெண்டு பேர் மேலயும் விழுது. "எனக்குப் பயமா இருக்குங்க"ன்னேன், முதல் தடவையா, வாய் விட்டு.

"எனக்கும்தான்"னார்.